பதினெட்டு எண்ணிய வட்டம்

நேற்றுப் பின்னேரம் பேத்தி பௌதிகவியலை உரத்துப் பாடமாக்கிக்கொண்டிருந்தாள். சீரான வட்ட இயக்கத்தில் கதி மாறாது, திசை மட்டும் மாறும். சீரற்ற வட்ட இயக்கத்தில் கதியும் மாறும். சோதனைக்குப் படிக்கிற பிள்ளையைக் குழப்பக் கூடாதுதான். வாய் சும்மா இருக்குமா?

"அது ரெண்டையும் நான் கடலில பாத்தனான்."

"உங்களுக்கு இது விளங்காது அம்மம்மா. சும்மா கதை விடாதேங்கோ."

விளங்காதுதான். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னிடமிருந்து தப்பிவிட்டது. ஆனால் எனக்கு எண்ணத் தெரியும். அவள் கேட்காததை நீங்களாவது கேளுங்கள்.

மண்ணெண்ணெய் மணந்தால் இன்றைக்கும் எனக்கு அந்தக் காலைதான் கண்ணில் நிற்கும். என் மனுசனுடைய வள்ளத்து எஞ்சின் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. நானும் அவருடைய தமக்கை பூமணி மச்சாளும் சின்னத் தோணியில் நண்டு வலை போடுவோம். துறைமுகத்துக்குள் அலை குறைவு. எங்கள் வாய்தான் கூட.

அன்று காலை அவர் வள்ளத்தில் எங்களைத் தாண்டி வந்தார். இடுப்பில் அவிழ்ந்த சாரத்தைக் கட்ட இரண்டு கையும் வேண்டும். ஆகவே வேகத்தையும் திசையையும் பிடிக்கிற எஞ்சின் கைபிடியை முறுக்கி, சைக்கிள் ரியூப் துண்டால் இறுக்கிக் கட்டிவிட்டு எழுந்து நின்றார். அங்கே எல்லா ஆம்பிளைகளும் செய்கிற வேலைதான். வள்ளம் ஒரு ஆட்டம் ஆடியது. விழும்போது கால் கைபிடியில் பட்டு, அது பக்கவாட்டில் திரும்பிவிட்டது. அவர் தண்ணீருக்குள். ஆளில்லா வள்ளம் அவரைச் சுற்றத் தொடங்கியது.

"காலில நரம்பு இழுத்துப் பிடிச்சிட்டுது! நீந்த ஏலாது!" என்று கத்தினார்.

வட்டத்துக்குள் போய்த்தான் தூக்க வேண்டும். குறுக்கே போகும்போது வள்ளம் வந்தால் தோணி இரண்டு துண்டு. நான் எண்ணினேன். எங்கள் முன்னால் போய்த் திரும்பி வரப் பதினெட்டு. அடுத்த சுற்றும் பதினெட்டு. அதற்கடுத்ததும் அப்படியே. சீரான சுற்றிலும் ஆர்முடுகல் என்ற முடுக்கம் உண்டாம், அது எப்போதும் நடுவைப் பார்த்தே இருக்குமாம், பேத்தி வாசிக்கிறாள். என் கண்ணும் அப்படித்தான் இருந்தது. நடுவில் அவருடைய தலை.

"பத்து எண்ண முதல் உள்ள போயிடலாம். போவமே?" என்றாள் மச்சாள்.

"பொறுங்கோ மச்சாள். இன்னும் ஒரு சுத்து."

ஏன் பொறுக்கச் சொன்னேன்? பயம். வேறொன்றுமில்லை.

அந்தச் சுற்றில் ரியூப் தளர்ந்து, முறுக்கு ஏறி இறங்கியிருக்க வேண்டும். எஞ்சின் முனகியது. இருபத்தைந்தாகியும் வரவில்லை. பிறகு திடீரென்று அலறிக்கொண்டு வந்து போனது. அடுத்ததுக்குப் பத்துக்கூட ஆகவில்லை. அதே வட்டம்தான், ஆனால் ஓரிடத்தில் இழுபட்டது, ஓரிடத்தில் பாய்ந்தது. எண்ணி இனி வேலையில்லை. அவருடைய தலை ஒருமுறை தாழ்ந்து எழுந்தது. மறுமுறை தாழ்ந்தது, எழவில்லை.

"வலையை எறியடி!" மச்சாள் அழுதாள்.

மிதப்போடு, நண்டோடு, முழு வலையையும் வள்ளம் வருகிற வழியில் தள்ளினேன். அது வந்தது. ஏறியது. எஞ்சினடியில் சுழல்கிற விசிறி, வலையை விழுங்கிச் சுருட்டியது. எஞ்சின் இரண்டு தரம் இருமிச் செத்தது.

துறைமுகம் முழுக்கச் சத்தமில்லை. மச்சாள் துடுப்பை வலித்தாள். நான் தோணி விளிம்பில் கவிழ்ந்து கிடந்து தண்ணீருக்குள் கையைத் துழாவினேன். கீழேயிருந்து ஐந்து விரல் என் மணிக்கட்டைப் பிடித்தது.

இரண்டு பேருமாக இழுத்துத் தோணியில் போட, அவர் வாயால் கடல் வந்தது. பிறகு கதை வந்தது.

"புது வலையையோடி எறிஞ்சனி?"

"ஓம். பழசு உங்களுக்குப் போதாதெண்டு."

மச்சாள் சிரித்த சிரிப்பில் தோணி கவிழப் பார்த்தது.

கரை சேரும்வரை அவர் என் கையை விடவில்லை. நாலு பேர் பார்க்கிற துறையில் அவர் அப்படிப் பிடித்தது அந்த ஒரு நாள்தான். இப்போது பெண்கள் தோணி வலித்துப் போவதில்லை. மச்சாள் போய்விட்டாள், அவரும் போய்விட்டார். அன்று என் மணிக்கட்டில் அவருடைய விரல்கள் நீலமாகப் பதிந்து கிடந்தன. நாலு நாளில் மறைந்துவிட்டன. மறையக் கூடாதென்று நான் எண்ணெய்கூடப் பூசவில்லை, அப்படியும்.