லிஸ்பனில் என் ஆறு மாலைகள்

லிஸ்பன் நகரம் எனக்குப் பழக்கமானது ஒரு பழைய ஆங்கிலப் புத்தகத்தால். ரங்கூனில் பன்சோடான் தெரு நடைபாதையில் குவித்துப் போட்டு விற்பார்களே, அங்கே வாங்கியது. அட்டை கிடையாது. கணவனும் மனைவியுமாக ஐரோப்பிய ஊர்களுக்குப் போகிறவர்கள் மாலை வேளையை எப்படிக் கழிக்கலாம் என்று ஊர் ஊராக எழுதியிருந்தார்கள். எந்த மழையில் நனைந்ததோ, மற்ற ஊர்களெல்லாம் பக்கத்தோடு பக்கம் ஒட்டிப்போயிருந்தன. பிரிக்க முடிந்தது லிஸ்பன் மட்டும்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் அது. நாங்கள் தாகேதாவில் குடியிருந்தோம். என் கணவர் க்யிம்யிண்டைங்கில் இறால் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. எனக்கு வீட்டிலேயே தையல் வேலை. பிள்ளைகள் இல்லை. எங்கள் இருவரில் ஆங்கிலம் தெரிந்தவள் நான்தான். அப்பா துறைமுகத்தில் வெளிநாட்டு மாலுமிகளோடு பேசிப் பேசிக் கற்றதை எனக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார். கணவருக்குத் தட்டுத் தடுமாறித்தான் வரும். வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு உட்காருவார். நான் ஒரு பக்கம் படித்துத் தமிழில் சொல்லுவேன்.

“அப்பறம்? அந்தப் பாட்டுக் கடையில என்ன நடக்கும்?” என்பார்.

“பாட ஆரம்பிச்சா விளக்கை அணைச்சிருவாங்களாம். யாரும் பேசக்கூடாது, முள்கரண்டி சத்தம்கூட கேக்கக்கூடாதாம்.”

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒத்திகை பார்ப்போம். லிஸ்பனில் சாயங்காலம் படகேறி அக்கரைக்குப் போய்ச் சுட்ட மீன் சாப்பிட வேண்டும் என்று புத்தகம் சொன்னது. நாங்கள் ரங்கூன் ஆற்றின் அக்கரையில் இருக்கும் டாலாவுக்குப் படகேறினோம். லிஸ்பனில் டிராம் வண்டியில் மேட்டுத் தெருக்களைச் சுற்ற வேண்டும். நாங்கள் வட்ட ரயிலில் ஏறி, ஊரை முழுச்சுற்றுச் சுற்றிவிட்டு இறங்கினோம். ரயிலில் என் தோளில் சாய்ந்துகொண்டு, “நெசமாவே ஒருநா போவம் பிள்ள” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் நம்பினேன்.

அவருக்கு அந்த வாக்கியங்கள் பிடித்துப்போயின. ஆங்கிலத்திலேயே சொல்லச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டார். ஒருநாள் கம்பெனிக்கு இறால் வாங்க ஒரு வெள்ளைக்காரர் வந்தார். அவருக்குச் சொந்த ஊரே லிஸ்பன். என் கணவர் அவரிடம் விளக்கணைக்கும் பாட்டுக் கடையைப் பற்றி, சூரியன் மறைவதைப் பார்க்கும் மேட்டைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அந்த மனிதருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மேனேஜரையும் என் கணவரையும் மனைவிமாரோடு ஒரு வாரம் லிஸ்பனுக்கு வரச் சொல்லிவிட்டார். செலவு அவருடையது.

அந்தச் செய்தியோடு கணவர் வந்த அன்று நான் தையல் மெஷினை விட்டு எழுந்திருக்கவே இல்லை. திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

“ஆறு சாயங்காலம் இருக்கு. எந்த நாளு எங்க போவணும்னு எழுதிக் குடு. மேனேஜருக்குக் காட்டணும்.”

ஆறு தாளில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். முதல் நாள் களைப்பாக இருக்கும், மேட்டில் உட்கார்ந்தால் போதும். மூன்றாம் நாள் படகு. கடைசி நாள் பாட்டு. எனக்கென்று நீலப் பட்டில் ஒரு ரவிக்கையும் தைத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து அவர் வாசலிலேயே நின்று சொன்னார்: “உனக்குப் பாஸ்போர்ட் குடுக்க முடியாதுன்னுட்டாங்க பிள்ள. எவ்வளவோ கேட்டுப் பாத்துட்டேன்.”

ராணுவ ஆட்சி நடந்த அந்தக் காலத்தில் யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்று யாரும் கேட்க முடியாது. அவர் முகம் வாடியிருந்தது. நான்தான் தேற்றினேன். நீங்களாவது போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்று சட்டைகளை இஸ்திரி போட்டுப் பெட்டியில் அடுக்கிக் கொடுத்தேன்.

திரும்பி வந்து ஆறு மாலைகளையும் சொன்னார். நான் எழுதிய வரிசைப்படியே.

இரண்டு மாதம் போயிருக்கும். மேனேஜரின் மனைவி ஒரு சட்டை தைக்க என்னிடம் வந்தார். பர்மாக்காரர், நல்ல மனுஷி. அளவெடுக்கக் கையை விரித்து நின்றபடியே பர்மீஸில் கேட்டார்: “இப்போ தலைசுற்றல் எப்படி இருக்கு தங்கச்சி?”

“எனக்கென்ன தலைசுற்றல்?”

“விமானம் ஏறினா ஆகாதுன்னு நீயே வரமாட்டேன்னுட்டியாமே. பாஸ்போர்ட் பாரத்தைக்கூட வாங்க மாட்டேன்னுட்டியாம். கடைசி நாள் பாட்டு கேக்கப் போனோம். உனக்கும் சேத்து நாற்காலி போட்டிருந்தாங்க. உன் வீட்டுக்காரர் அதுமேல தன் கோட்டை வச்சிருந்தாரு. உன்னை நினைச்சுக்கிட்டேன். அவருக்குத்தான் அந்த ஊரைப் பத்தி எவ்வளவு தெரியுது! ஆறு நாளுக்கும் அவரே இங்கிலீஷ்ல திட்டம் எழுதிட்டு வந்தாரு.”

அளவு நாடா என் கையில் இருந்தது. தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் அளந்து, எண்ணைக் குறித்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் அவர் குளித்துவிட்டு வந்ததும் கேட்டேன். “பாரமே வாங்கலியா நீங்க?”

வெகுநேரம் துண்டால் தலையையே துவட்டிக்கொண்டிருந்தார். பிறகு, “நீ வந்திருந்தா எல்லாம் தெரிஞ்சு போயிருக்கும்” என்றார்.

“என்ன தெரிஞ்சு போயிருக்கும்?”

“நீ பேச ஆரம்பிச்சா அவங்க உங்கிட்டதான் பேசுவாங்க. நான் யாருன்னு நிப்பேன்? மொத தடவையா மேனேஜர் என்னை மதிச்சாரு பிள்ள.”

அவருக்கு வேறொரு பெண் இருந்திருந்தால் எனக்குச் சண்டை போடத் தெரிந்திருக்கும். இதற்கு எப்படிச் சண்டை போடுவது? நான் படித்துச் சொன்ன ஒவ்வொரு மாலையையும் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, அந்த மாலைகளில் நான் இருக்கக்கூடாது என்று நினைத்திருக்கிறார்.

மறுவருஷம் அந்த லிஸ்பன்காரர் தன் மனைவியோடு ரங்கூன் வந்தார். மேனேஜர் வீட்டில் விருந்து. என்னையும் கட்டாயம் வரச் சொன்னார்கள். அந்த அம்மாள் என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் ஆங்கிலத்தில் பேசப் பேச அவர் கண் விரிந்தது. அவர்கள் ஊர்ப் படகைப் பற்றிச் சொன்னேன். கணவர் எதிரே உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ஒரு வாய்கூட எடுத்து வைக்கவில்லை.

“உங்கள் கணவரும் இதே வார்த்தைகளில்தான் சொன்னார்! யாரிடமிருந்து யார் கற்றுக்கொண்டீர்கள்?” என்று அந்த அம்மாள் சிரித்தபடி கேட்டார்.

மேஜையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர் மட்டும் தட்டைப் பார்த்தார்.

“அவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை வருஷமாக யோசிக்கிறேன். இரக்கமா, பழக்கமா, பத்துப் பேர் முன்னால் ஒரு மனிதன் தலைகுனிவதைப் பார்க்கச் சகிக்காததா? தெரியவில்லை. அவர் செய்ததை மெல்ல மெல்ல ஒரு மாதிரி ஒப்புக்கொண்டுவிட்டேன். ஒரே வீட்டில் இருக்கிறோம். சமைக்கிறேன், சாப்பிடுகிறார். ஆனால் அன்று என் வாயாலேயே என்னை விட்டுக்கொடுத்தது மட்டும் ஆறவில்லை.

அன்று இரவு டாக்ஸியில் திரும்பும்போது என் கையைப் பிடிக்க வந்தார். “பெரிய மனசு பிள்ள உனக்கு” என்றார். கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, தாகேதாவுக்குத் திரும்பும் பாஸுண்டாங் பாலம் வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன்.