பட்டு போர்த்திய விமானம்

காலை ஏழேகால் மணி. முதலில் கண்ணில் பட்டது ஓர் இறக்கை. ஜட்கா வண்டியின் பின்பக்கத் திறப்பிலிருந்து அது வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சிவப்புப் பட்டு ஒட்டிய இறக்கை, வெயில் பட்ட இடமெல்லாம் மினுங்கியது. வண்டிக்குள் என் அக்கா உட்கார்ந்திருந்தாள். விமானத்தின் உடல் பாகம் ஒரு பழைய சேலையில் சுற்றி அவள் மடியில் இருந்தது. அவள் கணவர், என் அத்தான், வண்டியில் ஏறவில்லை. இறக்கையின் நுனிக்குக் கீழே உள்ளங்கையைக் கொடுத்தபடி வண்டிக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தார். சக்கரம் கல்லில் ஏறி இறங்கும்போதெல்லாம் அவர் கையும் ஏறி இறங்கியது.

அன்று விஜயதசமி. மாலை ஊர்வலத்தைப் பார்க்கக் கிராமங்களிலிருந்து மாட்டு வண்டிகள் வரிசையாக மைசூருக்குள் வந்துகொண்டிருந்தன. ஊரை விட்டு வெளியே போனது எங்கள் வண்டி மட்டும்தான். எதிரே வந்தவர்கள் இறக்கையைப் பார்த்துவிட்டு வண்டிக்காரரிடம் கன்னடத்தில் ஏதேதோ கேட்டார்கள். அவர் எல்லோருக்கும் சளைக்காமல் பதில் சொன்னார். பிறகு அத்தானைத் திரும்பிப் பார்த்து, “மேஷ்ட்ரே, உங்க பக்ஷி நல்லா பறந்துச்சுன்னா நாளைக்கு இந்தக் குதிரைய எவன் கூப்பிடுவான்? அதுக்கும் ஒரு வேலை போட்டுக் குடுத்துடுங்க” என்றார். அத்தான் சிரித்தார். வேலை என்ற சொல் அன்று காதில் விழாமல் இருந்திருக்கலாம்.

அத்தான் மைசூரில் ஒரு வயர்லெஸ் பள்ளியில் ஆசிரியர். போருக்கு ஆள் பழக்குவதற்காகத் தொடங்கிய பள்ளி அது. போர் முடிந்ததும் மாணவர்கள் குறைந்தார்கள். பள்ளியை மூடப் போகிறார்கள் என்று தலைமை ஆசிரியரே சொல்ல ஆரம்பித்திருந்தார். அத்தானின் அப்பா ரயில்வே வேலைக்காக இந்த ஊருக்கு வந்தவர். அவர் இறந்த பிறகு இங்கே அவர்களுக்கு நிலமோ வீடோ கிடையாது. சம்பளம் நின்றால் வாடகை வீடும் நிற்காது. நான் அப்போது ஒரு நாளிதழில் செய்தி திருத்தும் வேலையில் சேர்ந்து, அவர்கள் வீட்டில்தான் தங்கியிருந்தேன்.

விமானம் ஓர் அட்டைப் பெட்டியில் வந்தது. பெங்களூரில் போர் விமானங்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த அமெரிக்க மெக்கானிக் ஒருவர் ஊர் திரும்பும்போது அத்தானுக்குக் கொடுத்துவிட்டுப் போனது. பெட்டியின் மேல் பறக்கிற விமானத்தின் படம். உள்ளே விமானம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. பால்சா மரப் பலகைகள், குச்சிகள், ஒரு பெரிய வரைபடம், எலுமிச்சம்பழ அளவில் ஒரு பெட்ரோல் எஞ்சின். பால்சாவை அதற்கு முன் நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அக்கா ஒரு பலகையை எடுத்துக் கையில் ஏந்தி, எடை தெரியாமல் இன்னொரு கைக்கு மாற்றிப் பார்த்தாள். “மரம்னு சொல்றீங்க. அப்பளம் இதை விட கனமா இருக்கும்” என்றாள்.

பலகைகளில் விலா எலும்புகள் போன்ற வடிவங்கள் அச்சிடப்பட்டிருந்தன. அவற்றைச் சவர பிளேடால் ஒவ்வொன்றாக வெட்டி எடுக்க வேண்டும். வரைபடத்தை ஒரு பெரிய மரப்பலகையின் மேல் விரித்து, அதன் மேல் துண்டுகளை வைத்து, குண்டூசி குத்தி நிறுத்தி, பசை காயும்வரை தொடக்கூடாது. கூடத்தில் பாதி இடத்தை அந்தப் பலகை பிடித்துக்கொண்டது. வடாம் காய்கிற வீடு மாதிரி ஆகிவிட்டது என்று அக்கா சொன்னாள். மழைக்காலத்து ஈரத்தில் ஓர் இறக்கை முறுக்கிக்கொண்டபோது, அதை நேராக்க ஆவி காட்ட வேண்டும் என்று வரைபடத்தின் ஓரத்தில் எழுதியிருந்தது. அக்கா இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றினாள். ஆளுக்கொரு முனையைப் பிடித்து இருவரும் அந்த இறக்கையை ஆவியில் காட்டி, எதிர்ப்பக்கமாக மெல்ல முறுக்கினார்கள். பெட்டியோடு வந்த மெல்லிய காகிதம் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வீணாகியிருந்தது. அதற்குப் பதிலாகத் தறியில் கழித்துப் போட்ட மெல்லிய பட்டுத் துணியை அக்காதான் எங்கிருந்தோ வாங்கி வந்தாள். பட்டை ஒட்டி மேலே பூசிய திரவத்துக்கு வாழைப்பழ வாசனை. பக்கத்து வீட்டில் நஞ்சன்கூடு ரசபாளைத் தார் எப்போது இறக்கினீர்கள் என்று கேட்டார்கள்.

அக்கா இவ்வளவு பேசியது அந்த வீட்டில் புதிது. முந்தின ஆண்டு அவளுக்கு ஒரு குழந்தை பிறந்து, பெயர் வைப்பதற்கு முன்பே போய்விட்டது. கிரகணத்தன்று அவள் வாசலுக்கு வந்ததுதான் காரணம் என்று துக்கத்துக்கு வந்தவர்களில் ஒருத்தி சொன்னாள். மற்றவர்கள் மறுக்கவில்லை. அதன் பிறகு வீட்டில் எது கெட்டாலும் அக்கா ஒரே கேள்வியைக் கேட்டாள். பால் திரிந்தால், துணி கிழிந்தால், எனக்குக் காய்ச்சல் வந்தால், “என்னாலயா?” என்பாள். அத்தான் ஒவ்வொரு முறையும் இல்லை என்று சொல்வார். அவர் பொறுமை இழந்து நான் பார்த்ததில்லை. அவள் நம்பியும் பார்த்ததில்லை. விமானம் கட்டத் தொடங்கிய பிறகு அந்தக் கேள்வி மெல்ல நின்றுபோயிற்று. எந்த நாளில் நின்றது என்று எனக்கு நினைவில்லை. நின்றுவிட்டதை ஒருநாள் கவனித்தேன்.

வயர்லெஸ் பகுதி பெட்டியில் வந்ததல்ல. அதை அத்தான் தானே செய்தார். இப்போது விஜயநகரில் என் வீட்டுக்கு எதிரே உள்ள காலி மனையில் விடுமுறை நாட்களில் பொம்மை விமானம் விடுகிறார்கள். கையில் உள்ள கருவியில் எத்தனையோ விசைகள். அன்று ஒரே ஒரு பொத்தான். முதல் முறை அழுத்தினால் வாலில் இருக்கும் சுக்கான் இடப்பக்கம் திரும்பும். அடுத்த முறை நேராகும். பிறகு வலம், மறுபடி நேர். விமானத்துக்குள் ஒரு சிறிய பெட்டி, அதில் ஒரு ரேடியோ வால்வு, ஒரு ரிலே. ரிலேயில் இரண்டு வெள்ளிப் புள்ளிகள் எதிரெதிரே இருக்கும். இடையே ஒரு தாளின் கனம்கூட இல்லை. தரையில் பொத்தானை அழுத்தினால் அங்கே அந்தப் புள்ளிகள் தொட்டுக்கொள்ள வேண்டும். தொட்டால்தான் சுக்கான் அசையும். இவ்வளவு சாமானில் உயிர் எங்கே இருக்கிறது என்று அக்கா ஒருநாள் கேட்டாள். அத்தான் பெட்டியின் மூடியைத் திறந்து, துடைப்பக் குச்சியின் நுனியால் ரிலேயைக் காட்டினார்.

தசராவுக்குப் பெங்களூரிலிருந்து ஓர் அதிகாரி தலைமை ஆசிரியரின் விருந்தினராக வந்தார். விமானக் கருவிகள் தொடர்பான ஒரு புதிய பிரிவுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தவர். அத்தானின் விமானத்தைப் பற்றித் தலைமை ஆசிரியர் அவரிடம் சொல்லி, விஜயதசமி காலையில் பறக்கவிட்டுக் காட்ட ஏற்பாடு செய்தார். தனியார் யாரும் வயர்லெஸ் ஒலிபரப்பக் கூடாது என்பதால், பள்ளியின் பெயரில் அந்த ஒரு காலைக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. கருவி செய்யத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் கிடைக்கிறார்கள், பழுது வந்தால் எங்கே என்று சொல்லத் தெரிந்தவன்தான் வேண்டும் என்று அதிகாரி சொன்னதாக அத்தான் வீட்டில் வந்து சொன்னார். அது தனக்காகவே சொன்னது போல இருந்தது என்றும் சொன்னார். அத்தான் அப்படிப் பேசுகிறவர் அல்ல.

அதற்கு முந்தின நாள் ஆயுத பூஜை. அன்று எந்தக் கருவியையும் தொட்டு வேலை செய்யக் கூடாது. எல்லாவற்றையும் முதல் நாளே சோதித்து முடித்துவிட்டு, வயர்லெஸ் பெட்டியைத் திறந்தபடி மேசையில் வைத்துவிட்டு, காலையில் அத்தான் பள்ளிப் பூஜைக்குப் போனார். நான் அலுவலகத்துப் பூஜைக்குப் போனேன். வீட்டுப் பூஜையை அக்கா தனியாகச் செய்தாள். நாங்கள் சாப்பாட்டுக்குத் திரும்பி வந்தபோது இறக்கைகள் நான்கு மூலையிலும் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டிருந்தன. குறடு, திருப்புளி, பிளேடு எல்லாவற்றிலும் பொட்டு. தூசி விழக்கூடாது என்று பெட்டியின் மூடியை அவளே பொருத்தி வைத்திருந்தாள். மூடியின் மேலும் ஒரு பொட்டு இருந்தது.

மறுநாள் காலை எங்கள் வண்டி போய் நின்ற இடம் சாமுண்டி மலைக்குக் கீழே ஒரு மேய்ச்சல் வெளி. தலைமை ஆசிரியரும் அதிகாரியும் ஒரு மோட்டார் காரில் வந்தார்கள். அத்தான் மூடியைத் திறக்காமல், பொத்தானை அழுத்திச் சுக்கானைச் சோதித்தார். இடம், நேர், வலம், நேர். இன்னொரு முறையும் சோதித்தார். குறை எதுவும் இல்லை. எஞ்சின் முதலில் இருமி, பிறகு பிடித்துக்கொண்டது. அந்தச் சிறிய எஞ்சினுக்கு அவ்வளவு சத்தம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. விமானத்தைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு காற்றுக்கு எதிராக ஓடினேன். விடுவதற்கு முன்பே அது கையை விட்டு இழுத்தது.

அது ஏறியது. அத்தான் பொத்தானை அழுத்தினார். இடப்பக்கம் திரும்பியது. மறுபடி அழுத்தினார். நேரானது. அதிகாரி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். வலம் திரும்பி எங்கள் தலைக்கு மேல் வந்தபோது அக்கா கை கூப்பினாள். மறுபடி நேரானது. அத்தான் மீண்டும் அழுத்தினார். விமானம் திரும்பவில்லை. அவர் அழுத்திக்கொண்டே இருந்தார். விமானம் மலையைப் பார்த்து நேராகப் போய்க்கொண்டிருந்தது. செய்வதற்கு எங்களில் யாருக்கும் எதுவும் இல்லை. தலைமை ஆசிரியர் இன்னொரு முறை அழுத்தும்படி சொன்னார். அத்தான் அப்போதும் அழுத்திக்கொண்டுதான் இருந்தார். பெட்ரோல் தீர்ந்து சத்தம் நின்றது. அதன் பிறகு அது பறந்த நேரம்தான் எனக்கு நீளமாக இருந்தது. சத்தமே இல்லாமல், சரியான சமநிலையில், அழகாக இறங்கிப் பாறையில் மோதியது.

நானும் அத்தானும் முதலில் ஓடிச் சேர்ந்தோம். இறக்கை பிளந்திருந்தது. பட்டு கிழியவில்லை, எலும்புகள் உள்ளே நொறுங்கியிருந்தன. பெட்டி முழுதாக இருந்தது. மூடி மட்டும் கழன்றிருந்தது. அத்தான் குனிந்து உள்ளே பார்த்தார். நானும் பார்த்தேன். ரிலேயின் அசையும் தகட்டின் மேல் ஒரு பொட்டு. காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். அதன் ஓரம் உதிர்ந்திருந்தது. எஞ்சின் அதிர்வில் உதிர்ந்த சந்தனப் பொருக்கு ஒன்று வெள்ளிப் புள்ளிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தது. அத்தான் அதை நக நுனியால் எடுத்தார். பெட்டியை அசைத்தார். புள்ளிகள் தொட்டுக்கொண்டன. மேலே இருந்த பொட்டையும் கட்டைவிரலால் துடைத்து, விரலைக் கால்சட்டையில் தேய்த்துக்கொண்டார். என்னைப் பார்த்தார்.

மற்றவர்கள் வந்து சேர்ந்தார்கள். அக்கா அதிகாரிக்குப் பக்கத்தில் நின்றாள். என்ன பழுது என்று அதிகாரி கன்னடத்தில் கேட்டார். அக்காவுக்கு எங்கள் வீட்டுத் தமிழைப் போலவே கன்னடமும் வரும்.

“கொத்தில்லா ஸார்” என்றார் அத்தான். தெரியவில்லை என்று அர்த்தம்.

அதிகாரி நல்ல மனிதர். பேட்டரியா, வால்வா, சுக்கானை இழுக்கும் ரப்பரா என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும் என்பது போலக் கேட்டார். வால்வு சூடாகவே இருந்தது. பேட்டரி வேலை செய்தது. ரப்பர் அறுபடவில்லை. கருவியின் முன்னால் நின்று பொய்யான ஒரு பழுதைச் சொல்ல அத்தானுக்கு வரவில்லை. ஒவ்வொன்றுக்கும் தெரியவில்லை என்றே சொன்னார். அதிகாரி தொப்பியைப் போட்டுக்கொண்டார். பறந்தவரை நன்றாக இருந்தது என்றார். ஊர்வலத்துக்கு முன்னால் ஊருக்குள் போய்விட வேண்டும் என்று தலைமை ஆசிரியர் அவசரப்படுத்தினார். அக்கா கொண்டு வந்திருந்த சிற்றுண்டியை யாரும் திறக்கவில்லை.

அதிகாரி இன்னும் இரண்டு நாள் ஊரில் இருப்பார், தனியாகப் போய்ச் சொல்லிவிடலாமே என்று அன்றே அத்தானிடம் கேட்டேன். “அவர் தலைமை ஆசிரியர்கிட்ட சொல்வார். அவர் வீட்ல சொல்வார். அந்தம்மா தெருக் குழாய்ல உங்கக்காகிட்ட சொல்வாங்க” என்றார். பிறகு, “ஒரு வருஷம் ஆச்சு, அவ கேக்கறத நிறுத்தறதுக்கு” என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் என்னிடம் பேசியதில்லை.

ஆனால் திரும்பி வரும் வழியில், வண்டிக்குள், அவள் கேட்டாள். உடைந்த இறக்கை எங்கள் மூவரின் காலடியில் கிடந்தது. வண்டிக்காரர் இம்முறை பக்கத்தில் வந்த யாருக்கும் பதில் சொல்லவில்லை.

“என்னாலயாங்க?”

“நீ என்ன பண்ணே?”

“ஒண்ணும் பண்ணலீங்க. உயிர் இருக்கற எடம்னு காட்டினீங்களே, அதுக்கும் தனியா ஒரு பொட்டு வெச்சேன். வெச்சுமே இப்படி ஆயிடுச்சே.”

அத்தான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மாட்டு வண்டிகள் இன்னும் ஊருக்குள் போய்க்கொண்டிருந்தன.

“அதனாலதான் அந்தப் பெட்டி மட்டும் உடையல” என்றார்.

அக்கா மடியில் இருந்த பெட்டியைப் பார்த்தாள். அதன் மேல் கை வைத்துக்கொண்டாள். வீடு வரும்வரை எடுக்கவில்லை.

தை மாதத்தில் பள்ளியை மூடினார்கள். அத்தான் குண்டலுபேட்டையில் ஒரு பஸ் முதலாளியிடம் பேட்டரிகளுக்கு மின்சாரம் ஏற்றும் வேலைக்குச் சேர்ந்தார்.