போனவனுக்கு ஒரு குவளை

வல்புரி சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்து, பண்ணை வீடுகளில் பால் கறந்து வளர்ந்தவள். ஈனோக்கியைக் கட்டிக்கொண்டு ஏரிக்கரைக் குத்தகை வீட்டுக்கு வந்த பிறகுதான் தனக்கென்று ஓர் அடுப்பைப் பற்றவைத்தாள். அந்தக் குடித்தனம் நிலைக்கவில்லை. பனி இளகும் காலத்தில் உறைந்த ஏரியின் மேல் அவன் குதிரை பூட்டிய சறுக்குவண்டி ஓட்டிப் போனான். பனி உடைந்தது. குதிரை கரை ஏறியது. அவன் ஏறவில்லை, உடலும் ஒதுங்கவில்லை.

ஆண்டுகள் ஓடின. குத்தகைக்கு ஈடாகப் பண்ணையில் ஓர் ஆண் உழைத்துக் கொடுக்க வேண்டும்; இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். பெண்டாட்டியை இழந்த உழவன் தாவெத்தி, நல்ல மனுஷன், பெண் கேட்டான். ஈனோக்கி இறந்தவன்தான் என்று நீதிமன்றமும் சொல்லிவிட்டது. கோயிலில் பாதிரியார் கல்யாண ஓலையும் வாசித்துவிட்டார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை, ஈனோக்கியின் தங்கை ஹேத்தா மரக்குவளை நிறைய பீருடன் வந்து நின்றாள்.

“அண்ணி, மறுபடி கட்டிக்கிற விதவை மென்னின்கைனெனுக்குப் படைக்கணும். மறந்துட்டீங்களா?”

“அது புதருக்குள்ள குதிக்கிற குட்டிச்சாத்தான்டி. பாதிரியார் காதுல விழுந்தா கோயில் வாசல்லயே நிக்க வச்சிடுவாரு.”

“பிள்ளைங்களுக்குத்தான் அது குட்டிச்சாத்தான். பேரைப் பாருங்க. நம்ம பேச்சுல மென்னான்னா போறது. மென்னின்கைனென்னா போனவன். அந்தக் காலத்துல செத்தவங்களத்தான் அப்படிச் சொன்னாங்க. எங்கண்ணன் பங்கை ஊத்தி, போனவனேன்னு கூப்பிட்டு அனுப்பி வைங்க. அப்புறம் அந்த உழவனுக்குக் கஞ்சி காய்ச்சலாம்.”

“உங்கண்ணன் ஒரு குவளையில அடங்குற ஆளா?”

“அதான் பெருசா எடுத்துட்டு வந்தேன்.”

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு சட்டென்று நின்றது.

யார் விசாரித்தாலும் “இன்னும் வரல” என்றுதான் வல்புரி சொல்லிவந்தாள். “போயிட்டாரு” என்று ஒருநாளும் அவள் வாயில் வந்ததில்லை. கர்த்தரிடம் மன்றாடும்போதும் அவன் பெயரை உயிரோடிருப்பவர்களோடு சேர்த்தே சொன்னாள். அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லாமல் தாவெத்தியின் கையைப் பிடிப்பது அவனுக்கும் துரோகம், இவனுக்கும் துரோகம் என்று இப்போது பட்டது.

கரைக்குப் போனார்கள். வல்புரி பார்லி ரொட்டியைப் பிட்டுப் பாறைமேல் வைத்தாள். பீரைத் தண்ணீரில் ஊற்றினாள். நுரை கொஞ்ச நேரம் மிதந்தது.

“ஈனோக்கி,” என்றாள். கர்த்தரை நினைத்துக்கொண்டாள். “போனவரே, உங்க பங்கு இது. நாளைக்கு எனக்குக் கல்யாணம். நீங்க போங்க.”

பின்னால் முனகல் கேட்டது. ஹேத்தா ஈரமண்ணில் உட்கார்ந்து தலையில் கட்டிய துணியின் முனையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏண்டி, நீதானே சொல்லச் சொன்ன?”

“நீங்க சொல்ல மாட்டீங்கன்னு நெனச்சேன் அண்ணி. நீங்க சொல்லாத வரைக்கும் எங்கண்ணன் எங்கயாவது இருந்தான்.”

வல்புரியும் அந்த ஈரத்திலேயே ஹேத்தாவை ஒட்டி உட்கார்ந்தாள்.