அஞ்சாம் தேதி கணக்குல சேராது

என் தம்பி வளன் ஒரு காரியத்தச் சொந்தமா முடிவு பண்ணி நான் பாத்ததே கிடையாது. மின்விசிறி வாங்கக் கடைக்குப் போனாக்கூட தெருவுல நாலு பேருகிட்ட கேட்டுட்டுத்தான் போவான். போயி, கடைக்காரன்கிட்டயும் கேப்பான். பொண்ணு பாக்கப் போன இடத்துல, பொண்ணோட அப்பாகிட்டயே "நீங்க என்ன சொல்லுதீங்க மாமா, கட்டலாமா?"ன்னு கேட்டவன் அவன். அவரு நல்ல மனுசன், சிரிச்சுக்கிட்டே "கட்டுங்க மாப்ளே"ன்னுட்டாரு. அப்படித்தான் விஜிலா எங்க வீட்டுக்கு வந்தா.

எங்க அப்பாவுக்கு வள்ளம் இருந்துச்சு. இவன கடலுக்குக் கூட்டிட்டுப் போனா, கரை மறையுறதுக்குள்ள வாந்தி எடுத்துருவான். பரதவன் வீட்டுல பொறந்துட்டு இப்படி ஒருத்தனான்னு ஊரே சிரிக்கும். பத்தாங்கிளாஸும் பாஸாகல. கடைசியில ஹார்பர்ல சேந்தான். கப்பல்ல அடுக்குற கண்டெய்னரக் கம்பி போட்டு முறுக்கிக் கட்டுற வேலை. கட்டின கண்டெய்னர் கொழும்புக்கும் போவும், அதுக்கு அங்கிட்டும் போவும், இவன் மட்டும் சைக்கிள்ல வீட்டுக்கு வந்துருவான். நல்ல உழைப்பாளி. ஒருத்தன் மனசு நோவப் பேச மாட்டான். எனக்குத்தான் சில நேரம் அவனப் பாத்தா பத்திக்கிட்டு வரும்.

அவனுக்கு ஒரே மக, ஸ்டெபி. பன்னெண்டாவதுல அறுநூத்துக்கு நானூத்திப் பத்து. மோசமும் இல்ல, பெரிசாச் சொல்லிக்கிடவும் முடியாது. முதல் மார்க்கு எடுத்தா பேப்பர்ல போட்டோ வரும். பெயிலாப் போனா நாலு பேரு வந்து ஆறுதல் சொல்லுவாவ. நடுவுல நிக்குற பிள்ளைக்கு ஒண்ணும் கிடையாது. "பரவால்ல, ஏதாவது காலேஜ் கிடைக்கும்"னு சொல்லிட்டு காபியக் குடிச்சிட்டு எந்திரிச்சுப் போயிருவாவ.

ஆனா ஸ்டெபிக்கு ஏதாவது காலேஜ் வேண்டாம். நல்ல காலேஜ் வேணும். அவளுக்குச் சிவில் இன்ஜினியரிங் படிக்கணும். "ஏளா, வெயில்ல கல்லும் மண்ணும் பாத்துட்டு நிக்கவா?"ன்னு கேட்டேன். "அத்தை, அப்பா வேலை பாக்குற ஹார்பர்ல கடலுக்குள்ள கல்லப் போட்டு அலையைத் தடுத்திருக்காங்கல்லா, அதக் கட்டுனவங்களும் சிவில்தான்"ன்னா.

வளன் வழக்கம்போல கேக்கக் கிளம்பிட்டான். ஹார்பர் சங்கத் தலைவர் கோயம்புத்தூருக்கு அனுப்புன்னாரு. கோயில்ல உபதேசியார், சிஸ்டர்மார் ஹாஸ்டல் இருக்க காலேஜாப் பாருன்னாரு. கூட வேலை பாக்கவன் ஒருத்தன், சிவில் எதுக்கு, கம்ப்யூட்டர்னு ஒரே பிடியா நின்னான். இதுக்கெடையில ஏதோ ஒரு தனியார் யூனிவர்சிட்டிக்காரன் வீட்டுக்கே வந்துட்டான். பேர் போட்ட பை, பேர் போட்ட தண்ணி பாட்டில். போன்ல படம் காட்டுதான், நீச்சல் குளமாம். கடக்கரையில குடியிருக்கவனுக்கு நீச்சல் குளத்தக் காட்டுதான் பாருங்க! வளன் அதையும் தலையாட்டித் தலையாட்டிப் பாத்தான். போவும்போது "நீங்க சொல்லுறதும் சரிதான் சார்"ன்னான். எவன் என்ன சொன்னாலும் அவனுக்குச் சரிதான்.

ஸ்டெபி அப்பன மாதிரி இல்ல. அவ கணக்கே வேற. எந்தக் காலேஜ்ல எத்தன பிள்ளைங்க பாஸாகுதுன்னு பாத்தா. எங்க வாத்தியார்மாரு வருசா வருசம் மாறாம நிக்காவன்னு விசாரிச்சா. அங்கங்க படிக்குற அக்காமாருக்குப் போன் போட்டு, லேப் தொறந்து கெடக்கா, பூட்டிக் கெடக்கான்னு கேட்டா. விஜிலாவக் கூட்டிக்கிட்டு பஸ் ஏறி நாலஞ்சு இடம் நேர்லயே போயிப் பாத்துட்டு வந்தா. நெல்லைப் பக்கத்துல ஒரு அரசு காலேஜ். பெயிண்டு உரிஞ்சு கெடக்காம். ஆனா உள்ள பாடம், லேப் எல்லாம் ஒழுங்கா நடக்குதாம். "அதான் அத்தை எனக்கு வேணும். என் மார்க்குக்கு மொதல்ல கிடைக்காது. கடைசி ரவுண்டுல சில வருசம் விழுந்திருக்கு"ன்னா. கவுன்சிலிங் பட்டியல்ல அதத்தான் முதல் இடத்துல போட்டா.

எல்லாம் முத்துமணி அண்ணாச்சியோட பிரவுசிங் சென்டர்லதான் நடந்துச்சு. பாஸ்வேர்டு அவருகிட்ட. மெசேஜ் வாரது வளன் போனுக்கு. எங்க தெருவுல பாதிப் பிள்ளைங்களுக்கு அப்படித்தான்.

முதல் ரவுண்டு ஜூலையில முடிஞ்சிது. மார்க்கு உள்ள பிள்ளைங்க எல்லாம் சீட்டு வாங்கி, சட்டைத்துணி எடுக்கப் போயிட்டு. ரெண்டாவதும் முடிஞ்சிது. ஸ்டெபிக்குக் கடைசி ரவுண்டு. அதுக்குள்ள எங்க மாதா கோயில்ல கொடியேறிட்டு. கொடியேறிட்டா எங்க ஆளுகளுக்கு வேற ஒலகம் கிடையாது. பத்து நாளும் நவநாள், பூசை, ராட்டினம், மக்ரூன் கடை. ஆகஸ்டு அஞ்சு திருநாள். வளன் சின்ன வயசுலருந்தே சப்பரத்துக்குக் கயிறு பிடிக்கவன். அவனாக் கேக்காம, யோசிக்காம செய்ற ஒரே காரியம் அதுதான்.

மூணாம் தேதி சாயங்காலம் ஸ்டெபி மூச்சு வாங்க ஓடி வந்தா. "அத்தை, கிடைச்சிட்டு!" அதே காலேஜ், அதே சிவில். விஜிலா குசினியில நின்னவ கரண்டியோட ஓடி வந்து பிள்ளையக் கட்டிக்கிட்டா. நான் அழுதுட்டேன். எங்க வம்சத்துல இன்ஜினியரிங் போற முதல் பொம்பளப் பிள்ளை.

அப்பாவும் மகளும் அண்ணாச்சி கடைக்குப் போனாவ. "இந்த இடத்த ஒத்துக்கிடுதோம்னு அமுக்கணும். ரெண்டு நாளுதான் டைம். அமுக்கட்டுமா?"ன்னு அண்ணாச்சி கேட்டிருக்காரு. "அமுக்குங்க"ன்னு ஸ்டெபி சொல்லியிருக்கா. இந்தப் பய என்ன சொன்னான் தெரியுமா? "இருங்க அண்ணாச்சி, ஒரு வார்த்தை கேட்டுட்டு வாரேன்." சிவில் எதுக்கு, கம்ப்யூட்டர்னு நின்னானே, அவன் பேச்சு மண்டைக்குள்ள ஓடிக்கிட்டிருந்திருக்கு.

வீட்டுக்கு வந்து வளன் கணக்குப் போட்டான். "நாளைக்கு நாலு, ஒரு நாளு. அஞ்சாம் தேதி லீவு, அது கணக்குல சேராது. ஆறாம் தேதி காலையில அமுக்கிருவோம். அதுக்குள்ள நாலு பேருகிட்ட கேட்டுக்கிடுதேன்." அந்தக் கணக்குல எங்க வீட்டுல யாருக்கும் சந்தேகம் வரல. ஏன் வரணும்? கலெக்டரே விட்ட லீவு. ஸ்கூல் கிடையாது, தாலுகா ஆபீஸ் கிடையாது. அந்த லீவுக்குப் பதிலா பின்னால ஒரு சனிக்கிழமை பிள்ளைங்களப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லுவாவ. பொறந்ததுலருந்து அஞ்சாம் தேதின்னா ஒலகமே சாத்திக் கெடக்கும்னு பாத்து வளந்த ஜனம் நாங்க. ஸ்டெபி மட்டும் "அப்பா, லீவு நம்ம ஊருக்குத்தானப்பா. மெட்ராஸ்ல லீவு இல்லல்லா"ன்னா. "அதெல்லாம் நம்ம பிள்ளைங்களுக்குத் தள்ளி வைப்பாவம்மா"ன்னு சொல்லிட்டுக் கோயிலுக்குக் கிளம்பிட்டான்.

அவளுக்கு மனசு கேக்கல. நாலாம் தேதி தனியாவே அண்ணாச்சி கடைக்குப் போயிருக்கா. அவரு, "அப்பாவக் கூட்டிட்டு வாம்மா. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா என்னையல்லா கேப்பாரு"ன்னு சொல்லிட்டாரு. அவரையும் குத்தம் சொல்ல முடியாது. அப்பாவத் தேடிக் கோயிலுக்குப் போனா, அவன் பந்தல்ல தோரணம் கட்டிக்கிட்டு நிக்கான், சுத்தி நாப்பது பேரு. "நாளன்னைக்குப் போவோம்னு சொன்னேன்லா"ன்னு அத்தன பேரு முன்னால சிரிச்சுக்கிட்டே தலையத் தடவி அனுப்பிட்டான்.

திருநாளன்னைக்கு மதியம், கயிறு பிடிக்கப் போறவன் போன என் கையில குடுத்தான். "நெரிசல்ல விழுந்துரும், வச்சுக்கக்கா." சாயங்காலம் கோயில் வாசல்ல நானும் ஸ்டெபியும் விஜிலாவும் உக்காந்திருந்தோம். நாலரை மணி இருக்கும். போன் டிங்குன்னுச்சு. இங்கிலீசுல என்னமோ. ஸ்டெபிகிட்ட நீட்டினேன். வாசிச்சவ எந்திரிச்சு நின்னுட்டா. "அத்தை, இன்னைக்கு அஞ்சு மணியோட முடியுதாம். கடைசி நினைவூட்டலாம்."

மூணு பேரும் ஓடினோம். அந்தக் கூட்டத்துல எங்க ஓட? இடிச்சு, ஏச்சு வாங்கி, அண்ணாச்சி கடைக்குப் போனா ஷட்டர் போட்டுக் கெடக்கு. போன் போட்டோம். நாலஞ்சு தடவைக்கு அப்புறம் எடுத்தாரு. லீவுல்லான்னு கயத்தாத்துக்கு மாமியார் வீட்டுக்குப் போயிட்டாராம். "பாஸ்வேர்டா? ஐயோ, அது சிஸ்டத்துலயே கெடக்கேம்மா, எனக்கு மனசுல இல்லையே. மறந்துட்டுன்னு குடு, அப்பா போனுக்குப் புது நம்பர் வரும்"னாரு. ஸ்டெபி அப்படியே குடுத்தா. சுத்திக்கிட்டே இருக்கு. ஊருல உள்ள அத்தன பேரு போனும் அந்த நாலு தெருவுக்குள்ள. டவர் என்ன செய்யும்? போன மேல தூக்கிப் பிடிச்சா, பக்கத்து வீட்டு மாடிக்கு ஓடினா, "மாதாவே, மாதாவே"ன்னா. விஜிலா நடுரோட்டுல முழங்கால் போட்டுட்டா. அந்த நம்பர் வந்துச்சு. வரும்போது அஞ்சு மணி தாண்டிட்டு. உள்ள போயிப் பாத்தா, அமுக்க வேண்டிய இடத்துல ஒண்ணுமே இல்ல.

சப்பரம் கிளம்புறதுக்கு முன்னால வளனைப் பிடிச்சேன். சொன்னேன். "ஆறாம் தேதி..."ன்னு ஆரம்பிச்சான். "ஏலே மடையா, ஆறாம் தேதி இல்லலே! முடிஞ்சு போச்சுலே!"ன்னு கத்தினேன். அவன் என்னைய ஒரு பார்வை பாத்தான். அதுக்குள்ள "மரியே வாழ்க"ன்னு சத்தம், பின்னால கூட்டம் தள்ளுது, கயிற விட்டுட்டு வர முடியாது. கயிறப் பிடிச்சுக்கிட்டே, வாயத் தொறந்து, சின்னப் பிள்ளை மாதிரி அழுதுக்கிட்டே போனான். பக்கத்துல நின்ன ஒரு பாட்டியம்மா கையெடுத்துக் கும்பிட்டு, "எம்புட்டு பக்தி பாரு"ன்னுச்சு.

மறுநாள் காலையில கவுன்சிலிங் உதவி மையத்துக்குப் போனோம். உள்ள ஒரு சின்ன வயசு மேடம். தங்கமான பொண்ணு, எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டுச்சு. "சார், அது உங்க மாவட்டத்துக்கு மட்டும் உள்ள லீவு. இது ஸ்டேட் முழுசுக்கும் ஒரே நேரம். நான் ஒண்ணும் செய்ய முடியாது"ன்னுச்சு. "அப்ப அந்த இடம்?"ன்னான் வளன். "அடுத்த ரேங்க்ல இருக்க பிள்ளைக்குப் போயிரும் சார்."

வளன் குனிஞ்சு, மெதுவா, "அந்தப் பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கலாமாம்மா?"ன்னான்.

அந்த மேடம் தலையக் குனிஞ்சுக்கிட்டுது. நான்தான் அவன் தோளப் பிடிச்சு வெளிய கூட்டிட்டு வந்தேன்.

வெளிய வேப்பமரத்தடியில நின்னோம். நல்ல வெயில். வளன் கண்ணத் தொடச்சுக்கிட்டே நின்னான். எனக்கு இவன நாலு அறை விடணும்போல இருந்துச்சு, விஜிலா மூஞ்சியப் பாத்து அடக்கிக்கிட்டேன். எனக்குள்ள ஒரே எண்ணம்தான். ஏளா ஸ்டெபி, நீயாவது கத்து. உங்கப்பனப் பாத்து ஒரு வார்த்தை கேளு. கேட்டாத்தான் உனக்கும் ஆறும், அவனுக்கும் ஆறும்.

அவ கத்தல. அப்பன் பக்கத்துல போயி, நேத்துலருந்து மாத்தாத அவன் சட்டையில ஒட்டியிருந்த மாலைப்பூ இதழத் தட்டிவிட்டா.

"அழாதீங்கப்பா. நீங்க என்ன செய்வீங்க? நல்ல மார்க் எடுத்த பிள்ளைங்களுக்கு ஜூலையிலயே முடிஞ்சிட்டு. நான் இன்னும் கொஞ்சம் படிச்சிருந்தேன்னா திருநாளுக்கு முன்னாடியே நமக்கும் முடிஞ்சிருக்கும். தப்பு எம்மேலதாம்ப்பா."

'இல்லம்மா, எம்மேலதான்'னு சொல்ல வேண்டியவன் அவன். ரெண்டு வார்த்தை. அவன் என் பக்கம் திரும்பினான்.

"அக்கா, நான் என்னக்கா சொல்லட்டும்?"