புகைக்குழாய்க்கு வாரண்டி கிடையாது

பாய்லர் சர்வீஸுக்குப் போகிறவனுக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டியது பாய்லர் இல்லை. பழியை யார் தலையில் இறக்கிவைப்பது என்பது. கெட்டுப்போன மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு எங்கேயாவது ஒரு சர்வீஸ் சென்டர் வாசலில் நீங்களும் நின்றிருப்பீர்கள். அப்படியானால் நீங்களும் நம்ம ஆள்தான். நீங்கள் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று பட்டதை நான் இந்தப் பக்கம் நின்று பட்டேன், அவ்வளவுதான்.

தேனி பஜாரில் ஒரு கடையில் வேலை பார்க்கிறேன். குளியலறையில் வைக்கிற விறகு பாய்லர் விற்கிறோம். ஸ்டீல் தொட்டி, அடியில் அடுப்பு, தொட்டியின் நடுவே ஏறி மேலே போய்ச் சுவரைத் தாண்டி வெளியேறுகிற புகைக்குழாய். குழாய் தொட்டியை விட்டு வெளியே தலைகாட்டுகிற இடத்துக்குக் கழுத்து என்று பெயர். நான் பார்த்த கேடு எல்லாம் அந்தக் கழுத்தில்தான்.

கவாத்துக் குச்சி

ஓடைப்பட்டியில் ஒரு திராட்சைத் தோட்டக்காரர் கூப்பிட்டார். பாய்லர் வாங்கி எட்டு மாதம். கழுத்தில் சுண்டுவிரல் போகிற அளவுக்கு ஓட்டை. குளித்துவிட்டு வந்தால் உடம்பெல்லாம் கருவாட்டு வாடை அடிக்கிறது என்றார். எனக்குக் காரணம் பிடிபடவில்லை. கொல்லையில் பார்த்தால் ஆள் உயரத்துக்குக் குவியல்: கவாத்து பண்ணி வெட்டிப் போட்ட திராட்சைக் கொடி. சும்மா கிடக்கிற குச்சி, நன்றாகக் காய்ந்தது, கங்கும் நின்று எரியும். எங்கள் பள்ளத்தாக்கில் அதை அடுப்பில் வைக்காத தோட்டக்காரர் கிடையாது. ஆனால் அந்தக் கொடி வருடம் முழுக்க மயில்துத்தமும் கந்தகமும் குடித்து வளர்ந்தது. எரித்தால் மருந்து புகையோடு சேர்ந்து மேலே போய், குழாய் குளிர்கிற இடத்தில் படிந்து ஸ்டீலைத் தின்கிறது.

போட்டோ எடுத்து அனுப்பினேன். 'தகாத எரிபொருள், வாரண்டி பொருந்தாது' என்று கம்பெனியிலிருந்து பதில் வந்தது. அவரிடம் படித்துக் காட்டினேன். அவர் குவியலிலிருந்து ஒரு குச்சியை உருவி என் முன்னால் நீட்டினார். "மருந்தடிச்ச பழத்தத் திங்கிற மனுசனுக்கு ஒண்ணும் ஆகல, மருந்தடிச்ச குச்சியத் தின்ன ஒங்க பாய்லருக்கு ஓட்ட விழுந்திருச்சாக்கும்?"

சந்தனம் வைத்த நம்பர்

ஜெயமங்கலத்தில் வேறு மாதிரி. அந்த வீட்டம்மா வாரண்டி அட்டையைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். ஒரு மூலைகூட மடங்கவில்லை. வெறும் வேலிக்கருவை விறகுதான் எரித்திருக்கிறார். எல்லாம் சரி என்று சந்தோஷமாக பாய்லரிடம் போனால், சீரியல் நம்பர் ஒட்டியிருந்த இடத்தில் பெரிய சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். ஆயுத பூஜைக்கு வைத்தது. பூஜை முடிந்ததும் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி மறுபடி வைத்திருக்கிறார். பொட்டு இருந்தது; நம்பர் இல்லை.

நம்பர் தெரியாத பாய்லர் எங்களுடையதே இல்லை என்று கம்பெனி சொல்லிவிட்டது. அம்மா கோபப்படவில்லை. அட்டையை வாங்கி மறுபடி சாமி படத்துக்குப் பின்னாலேயே செருகினார். "பேரு வைக்காத பிள்ளைய எம் பிள்ளை இல்லைன்னு சொல்லுற அப்பனா ஒங்க கம்பெனிக்காரவுக?"

மூன்று கட்டம்

எங்கள் முதலாளியை அண்ணாச்சி என்போம். நல்ல மனிதர். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்தால் திங்கட்கிழமை மத்தியானம் வரை யாரையும் திட்ட மாட்டார். நான் அனுப்புகிற ரிப்போர்ட்டில் மூன்று கட்டம் உண்டு: தயாரிப்பில் குறை, உபயோகத்தில் குறை, பொருத்தியதில் குறை. ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். முதல் கட்டத்தில் அடித்தால் கம்பெனி நம்பாது. இரண்டாவதில் அடித்தால் வீட்டுக்காரர் வைவார்.

மூன்றாவதைப் பற்றிக் கேட்டபோது அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "ஏலே, அத மட்டும் தொடாத, பொருத்துனது நீதான."

புள்ளைத்தாச்சி வீடு

காமயகவுண்டன்பட்டியில் பரமசிவம் என்று ஒரு விவசாயி. திராட்சையும் கொஞ்சம் தென்னையும். அவர் வீட்டு பாய்லரை நான்தான் பொருத்தினேன். குளியலறைக்கு வெளியே வைக்கலாம் என்றேன். "மழைக்காலத்துல யாரு வெளிய நின்டு அடுப்பு எரிக்கிறது?" என்றார் அவர் மனைவி ராசாத்தி அக்கா. உள்ளேயே வைத்தேன்.

ஒரு வருடத்தில் கழுத்து போய்விட்டது. போய்ப் பார்த்தேன். கூரையில் கரி, மூலையில் கவாத்துக் குச்சிக் கட்டு. அந்தக் கட்டை போட்டோ எடுக்கவில்லை. காரணம், அவர்கள் மகள் கவிதா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள், நிறைமாதம். முதல் கட்டத்தில் டிக் அடித்துப் புது பாய்லர் கேட்டேன். அதுவரைக்கும் தாங்கட்டும் என்று ஓட்டையைப் பசை வைத்து அடைத்தேன். அது நிற்காது என்று எனக்குத் தெரியும்.

கிளம்பும்போது அக்கா அடுப்படியில் குழம்பு தாளித்துக்கொண்டிருந்தார். "அக்கா, புகை கண்ணுக்குத் தெரியலைன்னாலும் கங்கு கெடந்தா ஆபத்துதான், ஜன்னலைத் திறந்தே வைங்க" என்று அவர் முதுகைப் பார்த்துச் சொன்னேன். எனக்குக் குரல் எப்போதுமே உள்ளுக்குள்தான் இருக்கும். அக்கா தலையை ஆட்டினார். பரமசிவம் வண்டி வரைக்கும் கூட வந்தார். "எம் மக பச்சை ஒடம்போட வந்து நிப்பா தம்பி, அதுக்கு முந்தி மாத்திக் குடுத்துருங்க."

குறை தீர்ந்த செய்தி

பத்து நாள் கழித்து அவரிடமிருந்து போன். நான் பசை வைத்ததைக் கம்பெனி 'சரிசெய்யப்பட்டது' என்று எடுத்துக்கொண்டு புகாரை மூடிவிட்டது. மறுபடி திறக்க வேண்டுமானால் எரிபொருள் போட்டோ கேட்டார்கள். அதைத்தான் நான் அனுப்ப முடியாது. அண்ணாச்சியும் இரண்டு தடவை பேசிப் பார்த்தார். பெண் குழந்தை பிறந்திருப்பதாகவும், மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதாகவும் பரமசிவம் சொன்னார். வாழ்த்துச் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. "ஒங்க குறை தீர்க்கப்பட்டதுன்னு போன்ல வந்திருக்கே தம்பி, எந்தக் குறை?"

ஜன்னலில் சாக்கு

பிள்ளை பெற்றவளுக்கு முதன்முதலாகத் தலைக்கு ஊற்றுகிற நாள். பச்சை உடம்பில் காற்றுப் படக் கூடாது என்று ராசாத்தி அக்கா குளியலறை ஜன்னலில் சாக்கை அடைத்து, இண்டுக்குப் பழைய சேலையைத் திணித்து, மகளோடு உள்ளே நின்று கதவையும் சாத்தியிருக்கிறார். நம் பக்கத்தில் எந்தத் தாயும் செய்கிறதுதான். குச்சி எரிந்து முடிந்து கங்காகக் கிடந்தது. நான் வைத்த பசை உதிர்ந்து, அந்த ஓட்டை வழியாகக் கங்கின் விஷக்காற்று உள்ளே இறங்கியிருக்கிறது. புகை இல்லை. புகை இல்லாததால் யாருக்கும் பயமும் இல்லை. குழந்தை வெளியே தொட்டிலில் அழுது, அழுது, யாரும் வரவில்லையே என்று பக்கத்து வீட்டுப் பெண் வந்து கதவைத் தள்ளியிருக்கிறாள். கவிதா பிழைத்துக்கொண்டாள். ராசாத்தி அக்கா பிழைக்கவில்லை.

அதற்கடுத்த நாலாம் நாளே கம்பெனி புது பாய்லரை அனுப்பிவிட்டது. கேட்காமலே. அதை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நான்தான் போக வேண்டியிருந்தது. வாசலில் பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. குளியலறை ஜன்னலில் அந்தச் சாக்கு அப்படியே இருந்தது. பரமசிவம் புது பாய்லரை ஏறிட்டுப் பார்க்கவில்லை. உள்ளே குழந்தை சிணுங்க, கவிதாவுக்குப் பதிலாக வேறு யாரோ தொட்டிலை ஆட்டினார்கள்.

"ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னேன், ஐயா" என்றேன். அதைச் சொல்லியிருக்கவே கூடாது. வாயில் வந்துவிட்டது. வைவார் என்று நினைத்தேன். சத்தமே இல்லாமல் சொன்னார்: "சொன்னீக தம்பி, கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன், மெதுவாச் சொன்னீக, வஞ்சு சொல்லியிருந்தா அவ கேட்டிருப்பா."

மூன்றாவது கட்டம்

கம்பெனி திரும்பவும் ரிப்போர்ட் கேட்டது. இந்தத் தடவை எந்தக் கட்டம் என்று போனில் அவர்களே சொன்னார்கள்: இரண்டாவது. கவாத்துக் குச்சி, சாத்திய கதவு, அடைத்த ஜன்னல். ஒன்றும் பொய்யில்லை. அதில் டிக் அடித்தால் ராசாத்தி அக்கா தானே தேடிக்கொண்டது என்று ஆகிவிடும். வெளியே வைக்க வேண்டியதை உள்ளே வைத்தவன் நான். நிற்காது என்று தெரிந்த பசையை வைத்தவன் நான். மூன்றாவது கட்டத்தில் டிக் அடித்து அனுப்பினேன்.

அண்ணாச்சி அதைப் படித்தார். அன்றைக்குத் திங்கட்கிழமை காலை. ஆனாலும் ரொம்ப நேரம் திட்டினார். கடைசியில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பாய்லருக்கே வாரண்டி குடுக்காதவுக, ஒனக்கு எவம்லே குடுப்பான்?"

வேலை இன்னும் போகவில்லை. அந்த வாரண்டி அட்டையில் இருக்கிற பன்னிரண்டு நிபந்தனையில் ஜன்னலைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாததால், 'ஜன்னலைத் திற' என்று ஒவ்வொரு பாய்லரிலும் கொட்டை எழுத்தில் நானே பெயின்டால் எழுதிவிட்டு வருகிறேன், ஏழாவது நிபந்தனைப்படி அப்படி எழுதினாலே வாரண்டி ரத்து.