மூன்று அங்குலம்

மாமனார் ஜீப்பின் கதவோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இடது காலைத் தூக்கினார், பாதி உயரத்தில் நிறுத்தினார், மறுபடி கீழே வைத்தார். பிறகு வண்டியை மேலும் கீழும் பார்த்து, "நல்லா தூக்கிட்டீங்க மாப்ள" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வண்டியின் உயரத்தை ரசிக்கிறார் என்றுதான் நினைத்தேன். என்னைவிட மடையன் இந்த மரக்காணத்தில் இருந்திருக்க மாட்டான்.

அது அவருடைய ஜீப். உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்த காலத்தில், பழசாகவே வாங்கியது. முழங்கால் தேய்ந்து அவர் வீட்டோடு இருக்கத் தொடங்கியதும் உப்பளமும் ஜீப்பும் என் கைக்கு வந்தன. வருடம் முழுக்க எதிலும் தலையிட மாட்டார். மாசியில் முதல் உப்பு வாரும் நாளில் மட்டும் பாத்தி ஓரத்தில் நின்றாக வேண்டும். ஈர உப்பை இரண்டு விரலால் எடுத்து நசுக்கிப் பார்ப்பார், நாக்கில் வைப்பார், "ம்" என்பார். அந்த ஒரு "ம்"முக்காகத்தான் அந்த ஆண்டு முழுக்க உயிரோடிருக்கிறார் என்று என் மனைவி கேலி செய்வாள்.

ஆனால் உள்பாத்திக்குப் போகும் வழி, வழியே இல்லை. லாரிச் சக்கரங்கள் இரண்டு பக்கமும் பள்ளம் பறித்து, நடுவில் மண் முதுகுபோல எழும்பி நிற்கும். ஜீப்பின் அடிவயிறு அதில் உரசும். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவர் இடுப்பைப் பிடித்துக்கொள்வார். அதனால்தான் வண்டியைக் கொஞ்சம் தூக்க நினைத்தேன்.

திண்டிவனத்து மெக்கானிக்கிடம் நான் கொடுத்த தொல்லை கொஞ்சமல்ல. "ஸ்பிரிங்ல கூட ஒரு பட்டை போட்டா தூக்கிரும் சார். ஆனா உக்கார்றவங்களையும் சேத்துத் தூக்கிப் போடும்" என்றார் அவர். அது வேண்டாம் என்றேன். தளர்ந்துபோன பட்டைகளைக் கழற்றிவிட்டு, மெல்லிசாகப் புதுப் பட்டைகள் செய்து, வளைவை மட்டும் சற்றுக் கூட்டச் சொன்னேன். அதில் இரண்டு அங்குலம். அதற்கேற்ற நீளத்தில் ஷாக் அப்சார்பர். சற்றுப் பெரிய டயர் போட்டதில் இன்னொரு அங்குலம். அவர் சீட்டுக்குப் புது மெத்தை. உள்பாத்தி வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். பக்கத்து சீட்டில் வைத்திருந்த சொம்புத் தண்ணீர் அலம்பியதே தவிர, சிந்தவில்லை. "பெரியவர ஒரு தடவ கூட்டியாங்களேன், உக்காந்து பாக்கட்டும்" என்று மெக்கானிக் சொல்லத்தான் செய்தார். திடீரென்று காட்டி அசத்த வேண்டும் என்று நான்தான் கூட்டிப் போகவில்லை. தாலி வாங்க மறந்துவிட்டுக் கல்யாணத்துக்குச் சமைத்தவன் நான். உட்கார்ந்த பிறகு எப்படி இருக்கும் என்று அவ்வளவு யோசித்தவன், அந்தக் கால் எப்படி ஏறும் என்று யோசிக்கவில்லை.

அவரும் சொல்லவில்லை. மாப்பிள்ளை முன்னால் சட்டையில்லாமல் உட்காராத மனிதர். என் தோளைப் பிடித்து ஏறுவதா? நானும் அவரைத் தொட்டுத் தூக்குவது மரியாதையில்லை என்று இரண்டடி தள்ளியே நிற்பேன். "வெயில் ஜாஸ்தியா இருக்குது, நீங்க போய்ட்டு வாங்க" என்றார், கம்பியைப் பிடித்து நின்ற அந்த முதல் உப்பு நாளில். மறு வருடம் தலைசுற்றல் என்றார். வயதாகிவிட்டது, உப்பின் மேல் இருந்த ஆசை விட்டுப்போயிற்று என்று நானே முடிவுகட்டி, அதை மனைவியிடமும் சொன்னேன். நினைத்தால் இப்போதும் கூசுகிறது. போன ஐப்பசி மழையில் அவர் போய்ச் சேர்ந்தார்.

இந்த மாசியில் முதல் உப்பு வாரினோம். எங்களிடம் வெகுநாளாக வேலை செய்யும் அம்மா ஒருத்தர் வாருபலகையை ஊன்றிக்கொண்டு, "பெரியவரு இல்லாம ரோடே வெறிச்சுன்னு இருக்குது சார்" என்றார். எந்த ரோடு என்றேன்.

"ரெண்டு வருசமா மொத உப்பு அன்னிக்கு ஷேர் ஆட்டோல வந்து ரோட்டாண்ட எறங்கி நிப்பாரே. உங்களுக்குத் தெரியாதா? உள்ள வாங்களேன்னு கூப்ட்டேன். அவ்ளோ தூரம் நடக்க முடியாது, ஜீப்ல கால் ஏற மாட்டேங்குதுன்னாரு. அப்போ மாப்ளகிட்ட சொல்றதுதானேன்னேன். எனக்கோசரம் ஆசையா பண்ணியிருக்காரு, அவருகிட்ட போய் ஏற முடியலன்னு எப்படிம்மா சொல்றதுன்னு கேட்டாரு."

அந்த அம்மா வேலையைப் பார்க்கப் போய்விட்டார். ஜீப்பை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. வரப்பு வழியே நடந்து, மாமனார் நின்ற இடத்துக்குப் போய் நின்று பார்த்தேன். பாத்திகள் தெரிந்தன, குனிந்து வாருகிறவர்கள் தெரிந்தார்கள், உயரமாக நின்ற என் ஜீப் நன்றாகவே தெரிந்தது. உப்பு எப்படி விளைந்திருக்கிறது என்று மட்டும் அங்கிருந்து தெரியவில்லை.