அத்தானின் ஆங்கிலேயச் சொந்தங்கள்

என் அக்காவின் கணவருக்கு ஓர் ஆங்கிலேயக் குடும்பப் பெயர் இருக்கிறது. அதை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், அச்சில் வந்துவிட்டது என்று இந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவிடுவார். பழைய ஆங்கிலத்தில் அதற்குப் பன்றிப்பட்டி என்று பொருள். இங்கிலாந்தின் வடக்கே அதே பெயரில் ஒரு கிராமம் இருக்கிறதாம். அந்தக் கிராமம்தான் தங்கள் பூர்வீகம் என்பதுபோல அத்தான் கதைப்பார்.

பூர்வீகம் யாழ்ப்பாணம்தான். அவருடைய பூட்டனார் மிஷன் விடுதியில் தங்கிப் படித்த பையன். கடல் கடந்து எங்கோ இருந்து அவருடைய படிப்புக்கு உதவிய ஒரு வெள்ளைக்கார அம்மாவின் பெயரைப் பாதிரிமார் அவருக்கு வைத்துவிட்டார்கள். அத்தானின் தகப்பனார் இதை ஒளிக்காமல் சொல்லுவார். அக்காவின் கலியாண வீட்டில் எங்கள் எல்லோருக்கும் சொல்லிச் சிரித்தார். அத்தான் அப்போது வெளியே போய் நின்றுகொண்டார்.

டென்மார்க்கில், பிராண்டே என்ற ஊரில் உள்ள அவர்களுடைய வீட்டு வரவேற்பறையில் ஓர் உலகப்படம் தொங்குகிறது. அந்தப் பெயருள்ள இடமெல்லாம் சிவப்பு ஊசி குத்தியிருக்கும். ஆஸ்திரேலியாவில் ஒரு சிற்றூர், அமெரிக்காவில் இரண்டு மூன்று, கனடாவில் ஒரு குளம். அதன் கீழே மனிதர்களின் புகைப்படங்கள்: ஒரு தளபதி, ஒரு பேராயர், ஒரு கிரிக்கெட்காரர், எந்தப் படத்தில் நடித்தாள் என்று யாருக்கும் தெரியாத ஒரு நடிகை. எல்லோரும் "எங்கட ஆக்கள்". வங்கி ஒன்றைக் கொள்ளையடித்துப் பிடிபட்டவன் ஒருவனுக்கும் அதே பெயர் இருப்பதை என் கணவர் ஒருமுறை கண்டுபிடித்துச் சொன்னார்.

"அது வேறை குடும்பம், தம்பி," என்றார் அத்தான், ஒரு கணமும் யோசியாமல்.

எங்களுடைய பெயர்கள் அவருக்கு எப்போதும் பகிடி. "உங்கட பேரை டேனிஷ்காரன் வாசிச்சு முடிக்கப் பின்னேரமாகிப் போடும்," என்பார். ஒருநாள் அக்காவுக்குச் சுகமில்லை என்று மருத்துவரிடம் போனோம். தாதி கதவைத் திறந்து அந்தப் பெயரைக் கூப்பிட்டுவிட்டு, மூலையில் இருந்த பொன்னிறத் தலைமயிர்க்காரியைப் பார்த்தாள். அக்கா எழுந்ததும் தாதியின் முகம் ஒரு கணம் தடுமாறியது. எனக்குக் கூசிப் போயிற்று. அத்தானோ பரிசு வாங்கியவர்போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அந்தத் தடுமாற்றத்துக்காகத்தான் அந்தாள் வாழ்கிறார் என்று எனக்கு அன்றைக்கு விளங்கியது.

அவர் கெட்டவர் இல்லை என்று அக்கா சொல்லுவாள். கெட்டவராக இருந்திருந்தால் நான் கொஞ்சமாவது மதித்திருப்பேன்.

போன இலையுதிர்காலத்தில், அவர் வேலை செய்யும் காற்றாலைத் தொழிற்சாலைக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு பொறியியலாளர் வந்து சேர்ந்தார். கழுத்தில் தொங்கிய அட்டையில் அதே பெயர், அதே எழுத்துகள். அன்று மாலையே அத்தான் ஹ்விடோவ்ரேயில் இருக்கும் எங்களுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"மச்சாள், ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரும் வாங்கோ. எங்கட சொந்தக்காரர் ஒருத்தர் சாப்பிட வாறார்."

கடல்மேல் போகும் பெரிய பாலம் கடந்து மழைக்குள் ஓடிப் போய்ச் சேர்ந்தோம். அக்கா அடுப்படியில் மாட்டிறைச்சியை ஓவனில் வைத்துவிட்டு, உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். முகம் சரியில்லை. நண்டுக்கறி வைக்கக்கூடாது என்று உத்தரவாம்.

"கையாலை நண்டு உடைக்கிறதைக் கண்டா அந்தாள் என்ன நினைக்கும் எண்டு கேக்கிறார்."

"நீ என்ன சொன்னனி?"

"நண்டைக் காய்ச்சி மூடி வைச்சிட்டன்."

மணி அடித்ததும் அத்தான் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு ஓடினார். வாசலில், செம்பட்டைத் தாடியோடு ஓர் இளைஞர் நனைந்துபோய் நின்றார். சைக்கிளில் வந்திருந்தார். கையில் கடதாசியில் சுற்றிய பூங்கொத்து. சப்பாத்தைக் கழற்றக் குனிந்தவரை அத்தான் தடுத்தார். வேண்டாம், வேண்டாம், அப்படியே வாருங்கள் என்று ஆங்கிலத்தில் கெஞ்சினார். எங்கள் யாரையும் சப்பாத்தோடு அந்த நிலத்தில் கால் வைக்க விட்டதில்லை இந்த மனிதர். வந்தவர் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். அவருடைய ஒரு காலுறையில் பெருவிரல் தெரிந்தது.

முதலில் உலகப்படம். அத்தான் ஒவ்வோர் ஊசியாகக் காட்டினார். இது நாங்கள், இதுவும் நாங்கள், இது எங்கள் குளம். அந்த இளைஞர் மரியாதையோடு தலையாட்டினார். இடையில் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அத்தான் தளபதிக்குப் போய்விட்டார்.

சாப்பாட்டு மேசையில்தான் அவருக்கு வாய் திறக்க இடம் கிடைத்தது. ஒரு விஷயம் சொல்லவேண்டும், மன்னிக்கவேண்டும் என்று தொடங்கினார். அது அவருடைய பெயர் இல்லையாம். மனைவியின் குடும்பப் பெயராம். சின்னவயதிலேயே விட்டுப்போன தகப்பனின் பெயரைச் சுமக்க விருப்பமில்லாமல், கலியாணத்தின்போது மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டாராம்.

அத்தான் சிரித்துச் சமாளித்தார். அப்படியென்றால் உங்கள் மனைவியின் குடும்பம் மிகப் பழைய குடும்பமாக இருக்கும் என்றார்.

அதற்குத்தான் அந்த இளைஞர் வாய்விட்டுச் சிரித்தார். மனைவியின் பாட்டனார் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கிழக்கு ஐரோப்பாவிலிருந்து இங்கிலாந்துக்கு ஓடிவந்தவராம். ஒரு பண்ணையில் வேலைக்கு விட்டார்களாம். அவருடைய உண்மையான பெயர் பண்ணைக்காரர்களின் வாயில் நுழையவில்லை. பண்ணை இருந்த கிராமத்தின் பெயரையே சொல்லி அவரைக் கூப்பிட்டார்கள். பத்திரம் எழுதும்போது அவரும் அதையே கொடுத்துவிட்டார். பழைய பெயரை எப்படி எழுதுவது என்று இப்போது குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாதாம்.

"அகதியோ?" அத்தான் ஆங்கிலத்தில்தான் கேட்டார். கேட்ட தொனி ஊர்த் தொனி.

ஓம், அகதிதான் என்றார் வந்தவர். அந்தக் கிழவரைப் பற்றிச் சொல்ல அவருக்குப் பெருமையாக இருந்தது.

அத்தான் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார். அவர் இந்த நாட்டுக்கு எப்படி வந்தார் என்பது எங்களுக்கெல்லாம் தெரியும். முதல் மாரிக் குளிரை அகதி முகாமில், யாரோ கொடுத்த பெண்கள் கோட்டுப் போட்டுக் கழித்தவர். அந்த வாயால் அந்தச் சொல்லை, இறைச்சியில் தலைமயிர் கண்டவர்போலத் துப்பினார்.

அக்கா எழுந்து போய் நண்டுக்கறியைச் சட்டியோடு கொண்டுவந்து மேசையின் நடுவில் வைத்தாள். வந்தவர் மூக்கை நீட்டி மணந்து பார்த்து, இது என்ன என்று கேட்டார். நண்டின் காலை எப்படி உடைத்து உறிஞ்சுவது என்று அவள் காட்டிக் கொடுத்தாள். கன்னமெல்லாம் குழம்பாகச் சாப்பிட்டார். அத்தான் கத்தியால் உருளைக்கிழங்கை வெட்டிக்கொண்டே, விருந்தாளியைப் பார்த்துச் சிரித்தபடி, எங்களுக்குத் தமிழில் சொன்னார்:

"உவன் ஒரிஜினல் இல்லை. நாங்கள்தான் ஒரிஜினல்."

அவருடைய மகள், இருபது வயதுக்காரி, நிமிர்ந்து பார்த்தாள். உங்களுக்கும் அந்தப் பெயரை யாரோ கொடுத்ததுதானே அப்பா என்று டேனிஷில் கேட்டாள்.

"அது வேறை," என்றார் அத்தான். "எங்களுக்குத் தந்தது ஒரு சீமாட்டி."

நான் தண்ணீர் குடித்தேன். வேறென்ன செய்வது?

சாப்பிட்டு முடிந்தும் மழை விடவில்லை. அக்கா காரில் கொண்டுபோய் விடச்சொன்னாள். "சைக்கிளிலை வந்தவன் சைக்கிளிலை போகட்டும்," என்று சொல்லிவிட்டு அத்தான் தொலைக்காட்சியைப் போட்டார். என் கணவர்தான் சைக்கிளை எங்கள் காரின் பின்னால் ஏற்றி அவரைக் கொண்டுபோய் விட்டார். நானும் கூடப் போனேன். தான் ஏதும் பிழையாகச் சொல்லிவிட்டாரோ என்று வழியில் கேட்டார் அந்த மனிதர். அத்தானுக்கு வயிறு சரியில்லை என்று என் கணவர் பொய் சொன்னார்.

தை மாதம் அந்த இளைஞருடைய மனைவியும் பிராண்டேக்கு வந்துவிட்டாள். சுப்பர்மார்க்கெட்டில் அக்காவைக் கண்டு, நண்டுக்கறிக்காரி நீங்கள்தானா என்று கேட்டாளாம். இப்போது இருவரும் வாரம் ஒருமுறை நீச்சலுக்குப் போகிறார்கள். என் அக்கா ஐம்பது வயதில் நீந்தப் பழகுகிறாள். அவளுக்குக் கார் ஓடத் தெரியாது, ஆகவே அத்தான்தான் கொண்டுபோய் விடவேண்டும். உள்ளே ஒரு கோப்பிக் கடை இருக்கிறது. அந்தப் பெண் ஒவ்வொரு முறையும் வெளியே வந்து, உள்ளே வந்து இருங்கள் என்று அவரைக் கூப்பிடுகிறாளாம்.

"போறாரோ?" என்று அக்காவைக் கேட்டேன்.

"எங்க போறது? காருக்குள்ள கண்ணாடியை ஏத்திக்கொண்டு இருக்கிறார். குளிர் எண்டு சொன்னாலும் கேக்கிறேல்லை."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு, தண்ணீருக்குள் முகம் வைத்து மூச்சுவிடப் பழகிவிட்டேன், அடுத்த வாரம் ஆழமான பக்கத்துக்குப் போகிறேன் என்றாள்.